ஐந்துக்கு ஒன்று வாங்கிய தீவு வில்

இன்று காலை ரயிலிறங்கிப் பள்ளிக்கு நடந்து வரும்போது மைதாப் பசை வாசனை வந்தது. அடிப்பிடித்த மாவின் வாசனை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, நிமிர்ந்து பார்த்தால் சுவரிலும் நீதான் இருந்தாய். நம் பள்ளியின் வெளிச்சுவரில் ஒருவர் உனக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நீ போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. போன வெள்ளிக்கிழமை உன் வீட்டில் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்தாகிவிட்டது. அன்றைக்கெல்லாம் சங்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஆசிரியர் சங்கத்துக்குத் தேர்தல் வருகிறது, உடனே உன்மேல் பாசம் பொங்கிவிட்டது. 'மாணவியர் மனங்களில் அணையா விளக்கே' என்று எழுதி, போன வருடம் உன் பணி நிறைவு விழாவில் எடுத்த குழுப்படத்திலிருந்து உன் முகத்தைக் கத்தரித்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் என் தோள்பட்டை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பிடிக்காது, படம் மட்டும் போடாதீர்கள் என்று உன் மகள் அவர்களிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்தப் படத்துக்குக் கீழே, உன்னைவிடப் பெரிதாக, கைகூப்பியபடி இன்னொரு படம். அன்று விடைத்தாள் திருத்தும் முகாமின் வாசலில் உன் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்ன அதே முகாம் அலுவலர். தலைவர் பதவிக்கு நிற்கிறாராம்.

நான் சுவரொட்டியின் மூலையைப் பிடித்து இழுத்தேன்.

"யம்மா, இன்னா பண்ற நீ? இப்பதான ஒட்டிகினு கீறேன்" என்றார் ஒட்டுகிறவர்.

"இந்த அம்மா படம் போட வேணாம்னு அவங்க பொண்ணு சொல்லியிருக்கு. கேட்டாங்களா இவங்க?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? ஒட்டச் சொன்னாங்க, ஒட்டுறேன். எம்மேல காண்டானா நான் இன்னா பண்றது?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் அதற்குள் ஈரக் காகிதத்தின் கீழ்ப்பாதி என் கையோடு வந்துவிட்டது, கைகூப்பியவரும் வந்துவிட்டார். மேல்பாதியை நான் இழுத்தால் உன் முகம் கிழிந்துவிடும் என்று தயங்கி நின்றேன். அந்த மனிதர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உனுக்கு வேண்டியவங்களா?" என்று கேட்டுவிட்டு, தன் துடைப்பக் குச்சியால் ஓரத்தை நெம்பி, கிழியாமல் உரித்து மடித்துக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கையெல்லாம் பசை.

உனக்கும் எனக்கும் மைதாப் பசையோடு ஒரு கதை இருக்கிறது. அது சத்துணவு ஆயாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாம் இரண்டு பேரும் இந்தப் பள்ளியில் பதினெட்டு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்தினோம். நீ கோவளத்திலிருந்து திருப்போரூர் வழியாகப் பஸ்ஸில் வருவாய், நான் மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வருவேன். ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும் நீ என்னைச் சத்துணவுக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். அங்கே ஆயா ஒரு குண்டான் மைதாவைக் கிளறிக்கொண்டிருந்தார். "இன்னா டீச்சர், பாடத்துல கூழு ஊத்தறதும் வந்துட்ச்சா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

உன் மகள் சின்ன வயதில் மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாய். பசையை அதில் ஊற்றி ஆறவிட்டோம். மேலே பாலாடை மாதிரி ஆடை படிந்தது. தொட்டியின் ஒரு கோடியில், பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு பட்டையைக் குறுக்கே நிறுத்தி இரண்டு முனையையும் கண்ணாடியோடு ஒட்டினாய். இன்னொரு கோடியில் ஒரு மரக்கட்டை. "மெதுவா தள்ளு. அவசரப்பட்டினா எல்லாம் பேஜாராயிடும்" என்றாய். நான் தள்ளினேன். கை கடுக்கக் கடுக்கத் தள்ளினேன். கட்டைக்கு முன்னால் ஆடை சுருங்கி மடிப்பு மடிப்பாக எழுந்தது.

"சரி, இமயமலை. இது பாடத்துலயே கீதே, இதுக்கா இவ்ளோ மாவு?" என்றேன்.

"மேல பாக்காதடி. அந்தாண்ட பாரு."

அந்தக் கோடியில் நேராக நின்ற டியூப் பட்டை வெளிப்பக்கமாக வளைந்து வில்லாகியிருந்தது. பட்டைக்குப் பின்னால் ஆடை நீளமாகக் கிழிந்து, உள்ளே ஈரப் பசை பளபளவென்று தெரிந்தது.

"கட்டை இங்க கீது. டியூப்பு அங்க கீது. கட்டை டியூப்பைத் தொடவே இல்ல. அப்போ அதைத் தள்ளினது யாரு?"

"பசை."

"அவ்ளோதான். அதுதான் நம்ம புஸ்தகத்துல இல்லாத பாதி."

அதற்குப் பிறகு ஆயா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே வரைபடத்தை விரித்து எனக்குச் சொன்னாய். இந்தியா போய் ஆசியாவை முட்டியது, மலை எழுந்தது என்பதோடு நம் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் மேலே ஒரு மலை எழுகிற அளவுக்கு நெருக்கினால் அடியில் இருப்பதும் நெருங்கித்தானே ஆக வேண்டும்? மேலோட்டுக்குக் கீழே சூட்டில் இளகிய பாறை கிடக்கிறது. அது போக வடக்கே வழி இல்லை, அங்கே பழைய கண்டம் ஆழமாக வேர் பிடித்து நிற்கிறது. கிழக்கேதான் திறந்திருக்கிறது. அதனால் அது ஆசியாவுக்கு அடியில் மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து, கடலடிப் பாறைத் தட்டு கண்டத்துக்கு அடியில் அமிழ்கிற விளிம்பைப் பின்னாலிருந்து வெளியே தள்ளியிருக்கலாம். விளிம்போடு தீவுகளும் போயின, வில்லாக வளைந்தன. அவை விட்டுப்போன இடம் இழுபட்டு மெலிந்து கடலானது. ஜப்பானுக்கும் கண்டத்துக்கும் நடுவில் ஒரு கடல் கிடப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். இதை நீ முதலில் வரைபடத்தைப் பார்த்தே யோசித்தாய். பிறகு சிறுசேரியில் வேலை பார்க்கும் உன் மகள் ஏதேதோ ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தபோதுதான் மற்றவர்களும் இதைச் சொல்லியிருப்பது தெரிந்தது. "எனக்கு முன்னாடியே சொல்லிட்டானுங்கடி" என்று நீ சிரித்தாயே, நானாக இருந்தால் ஒரு வாரம் சோறு இறங்கியிருக்காது.

நான் வாய் தவறிப் 'பாறைக்குழம்பு' என்று சொல்லிவிட்டேன். நீ டீ டம்ளரை டக்கென்று வைத்தாய். "கொழம்புன்னு சொன்னா உதைப்பேன். ஈரல் கொழம்பா அது? கல்லுடி. நகம் வளர்ற வேகத்துல நகர்ற கல்லு."

அதோடு நீ ஒன்றையும் மறைக்கவில்லை. இது முடிந்த முடிவு இல்லை, அமிழ்கிற தட்டு தன் கனத்திலேயே பின்வாங்கித் தீவுகளை இழுத்துக்கொண்டு போகிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம் என்றாய். நம் அந்தமானும் இப்படித்தானா என்று கேட்டேன். உன் முகம் மாறியது. "தெரியாது. அங்க சறுக்கல், இழுப்பு எல்லாம் கலந்து கீது. அதைத்தான் தெரிஞ்சிக்கணும்" என்றாய்.

ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கோவளத்தில் உன் அண்ணன் படகு எஞ்சின் சாமான்களும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறக்கப் போனவர், கடல் உள்வாங்கியிருக்கிறது என்று எல்லோரும் ஓடுவதைப் பார்த்து, தானும் பார்க்கப் போனார். மறுநாள்தான் கிடைத்தார். பிறகு ஒரு முறை பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனோம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் அவர்கள் சோளம் தின்றுகொண்டிருக்க, நீ கிழக்கே கையை நீட்டி, "நேரா போனா அந்தமான். அந்த வில்லுல ஒரு கோடி நொடிச்சதுக்கு எங்க அண்ணன் போய்ட்டான். அது ஏன் அங்க கீதுன்னு கூட நான் கேக்கக் கூடாதா?" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அழவில்லை, பிள்ளைகளை எண்ண ஆரம்பித்துவிட்டாய்.

இனி அந்த முகாம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், அதனால்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்த நம்மை இதே ஊரில் வேறொரு பள்ளியில் போட்டார்கள். பணிமூப்பில் உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள் என்பதால் நம் மேசைக்கு நான் முதன்மைத் தேர்வாளர், நீ எனக்குக் கீழே உதவித் தேர்வாளர். உதவித் தேர்வாளர்கள் சிவப்பு மையில் போடுகிற மதிப்பெண்ணை விடைக்குறிப்போடு ஒத்துப்பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். தாள்கள் வேறு மாவட்டத்துப் பிள்ளைகளுடையவை. பெயர், எண் எதுவும் தெரியாது.

ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்திருந்தது. ஆசியாவின் கிழக்கு ஓரத்தில் தீவுகள் வில் வடிவில் அமைந்திருப்பதற்கும் அவற்றுக்குப் பின்னால் கடல்கள் இருப்பதற்கும் காரணம் கூறுக. விடைக்குறிப்பில் ஐந்து வரி: தட்டு அமிழ்தல், அகழி, பாறைக்குழம்பு, எரிமலைத் தீவுகள், எடுத்துக்காட்டு ஜப்பான். வரிக்கு ஒரு மதிப்பெண். கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேள்வியில் கேட்ட கடலை விடைக்குறிப்பு எழுதியவரே மறந்துவிட்டார்! அத்தனை மேசையில் அத்தனை பேர் அந்தக் குறிப்பை வைத்துத் திருத்தினோம், ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. நான் உள்பட.

மதிய இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு நீ ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். "படி" என்றாய்.

யாரோ ஒரு பிள்ளை, எந்த ஊரோ, எந்தப் பள்ளியோ. மைதா இல்லை, மீன் தொட்டி இல்லை, ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை. தேர்வு அறையில் உட்கார்ந்து, நாம் சத்துணவுக் கூடத்தில் கை கடுக்கத் தள்ளிக் கண்டதை எழுதியிருந்தது. பக்கத்தில் பென்சிலில் ஒரு படம்: ஒரு கட்டை, மடிப்புகள், கிழக்கே வளைந்துபோகிற அம்புக்குறிகள், ஒரு வில், வில்லுக்குப் பின்னால் கோடு கோடாகக் கடல். நீ ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாய்.

"ஆன்சர் கீயில இல்லியே" என்றேன்.

"கீயில கடலே இல்லடி! கேட்டது கடலு ஏன்னு. இந்தப் புள்ள ஒண்ணுதான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி கீது."

"தட்டு அமிழ்றதை ஒழுங்கா விளக்கலியே."

"போற போக்குல சொல்லி கீது பாரு, கடல் தட்டு கீழ எறங்கற எடம்னு. சரி, ஒண்ணு கொறச்சுக்க. நாலு போடு."

"முகாம் அலுவலர் பார்த்தா என்னைக் கேப்பாரு."

"கேக்கட்டும். சொல்லு. உனுக்குத் தெரியாதா இது? நீதானடி கட்டையைத் தள்ளின!"

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் நம்மைப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று நினைத்தால் அந்த வெட்கத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நான் தாளை வாங்கி, உன் ஐந்தை அடித்து, ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜப்பான் என்று எடுத்துக்காட்டு எழுதியதற்கு ஒன்று. யோசித்ததற்குச் சுழி.

மதியம் நாம் வழக்கமாகச் சேர்ந்து சாப்பிடுகிற மரத்தடிக்கு நீ வரவில்லை. உன் இடத்திலேயே உட்கார்ந்து, விடைத்தாள் கட்டுக்குள் திருப்பி வைக்க வேண்டிய அந்தத் தாளைப் பார்த்து, விடைக்குறிப்பின் பின்பக்கத்தில் அந்த விடையை எழுத்து மாறாமல், படத்தோடு, எழுதி எடுத்துக்கொண்டாய். விடைத்தாளில் இருப்பதை வெளியே கொண்டுபோவது குற்றம் என்று முதல் நாளே நம்மிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உனக்குத் தெரியாமல் இல்லை.

மாலையில் வாசலில் பைகளைச் சோதித்தார்கள். எந்த வருடமும் இல்லாத சோதனை. நம் மேசைச் சத்தம் முகாம் அலுவலர் காதுக்குப் போயிருக்க வேண்டும். உன் கைப்பையைக் கவிழ்க்கச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, தஸ்பீஹ் மணி, பஸ் டிக்கெட்டுகள், அந்தக் காகிதம். நீ நிமிர்ந்தே நின்றாய்.

"என்னம்மா இது?"

"என் குறிப்பு சார். பாடம் நடத்த."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே இவங்க மேசைக்கு முதன்மைத் தேர்வாளர்? இது விடைத்தாளில் இருந்ததா, இல்லையா?"

அவருக்கு அது தெரியாது. அவர் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. நான் இல்லை என்று சொல்லியிருந்தால், அது உன்னுடைய குறிப்புதான், இதை நானும் நீயும் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லியிருந்தால், அதில் பாதி உண்மையும்கூட, அவர் காகிதத்தை உன்னிடமே கொடுத்து அனுப்பியிருப்பார். ஒரு வார்த்தை. வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

"இருந்தது சார்" என்றேன்.

உன் கண்ணெதிரில் அதைக் கிழித்தார். நாலாக, எட்டாக. அதைக்கூட ஏதோ தன் கடமைபோலப் பொறுமையாகக் கிழித்தார். விளக்கம் கேட்டு உனக்கு ஓலை வந்தது. முகாம்களுக்கு இனி அழைப்பில்லை என்றார்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் மதுராந்தகத்துக்கும் அந்தாண்டை ஒரு பள்ளிக்கு மாறுதல் போட்டார்கள். கோவளத்திலிருந்து நினைத்துப்பார், போக மூன்று பஸ், வர மூன்று பஸ். ஒரு பிள்ளையின் விடை நன்றாக இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டதற்கு!

என் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நீ பஸ் மாறுவாய். அங்கேயிருந்துதான் நான் ரயிலுக்கு நடப்பேன். காலையில் ஏழெட்டு நிமிடம் நமக்குக் கிடைக்கும். முதல் நாள் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்து நான் டீக்கடைக்குப் பின்னால் நின்றேன். நீ நேராக வந்து, "நாஸ்தா பண்ணிட்டியா?" என்று கேட்டு ஒரு டப்பாவை நீட்டினாய். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்ததும், "வுடுடி. உனுக்குப் பொண்ணு கல்யாணம் வந்துகினு கீது. நீ இன்னா பண்ணுவ?" என்றாய். அதோடு சரி. உனக்குப் பஸ் வந்துவிட்டது.

வருடக்கணக்கில் நாம் அந்த நிலையத்தில் மருமகனைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம், முட்டிவலித் தைலத்தைப் பற்றிப் பேசினோம். அந்த ஒன்றை மட்டும் நீ பேசவில்லை. எனக்கு உன்மேல் கோபம், தெரியுமா? எல்லோர் மேலும் இருக்கிற கோபத்தைவிட உன்மேல் கொஞ்சம் அதிகமாகவே. ஒரு நாளாவது என் தோளைப் பிடித்து உலுக்கியிருந்தால், 'இருந்தது சார்' என்று என்னைப்போல் பேசிக்காட்டிக் குத்தியிருந்தால், எனக்குத் தூக்கம் வந்திருக்கும். நீ இடியாப்பம் கொடுத்தாய்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்து எல்லோரும் போனபின் உன் மகள் என்னை உள்ளே கூப்பிட்டாள். உன் புத்தகங்களையும் அச்செடுத்த கட்டுரைகளையும் அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தாள். "ஆன்ட்டி, யாரோ ஒரு ஸ்டூடன்ட் எழுதின ஆன்சர்னு அம்மா கடைசி மாசத்துல சொல்லிகினே இருந்தாங்க. எல்லாப் பேப்பரையும் தேடிட்டேன், காணோம். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அன்று முடியவில்லை. முழுக்கதையையும் அவளுக்குச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அன்று நீ மரத்தடிக்கு வராததால் நானும் சாப்பிடவில்லை. நீ எழுதி எடுத்துக்கொண்டு தாளைக் கட்டுக்குள் திருப்பி வைத்தபின், சரிபார்க்கிற சாக்கில் அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். படித்தேன், வைத்தேன், எடுத்தேன். எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. எழுதி எடுத்துப் போவதற்குத்தான் தடை, மனப்பாடத்துக்கு யாரும் தடை போடவில்லை. மதிப்பெண்ணை மட்டும் மாற்றவில்லை. அந்த விடை இத்தனை வருடமாக என்னிடம் இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய், அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தகுதி இல்லை என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம்.

இன்று காலை விரலில் பசை காய்ந்து இழுக்க இழுக்க, முதல் பாடவேளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனேன். நடத்த வேண்டிய பாடத்தை எடுக்கவில்லை. சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, முதலில் கேள்வியை எழுதி, அதற்குக் கீழே முழுவதையும் எழுதினேன்.

'இந்தியத் தட்டு ஆசியாவை முட்டியது. மேலே இருந்த பாறை மடிந்து இமயமலை ஆனது. ஆனால் அடியில் இருந்த பாறையும் நெருக்கப்பட்டிருக்கும் அல்லவா? அது திரவம் இல்லை. சூடாக இருப்பதால் மிக மெதுவாக நகரும். வடக்கே கண்டம் தடிமனாக இருப்பதால் அது கிழக்குப் பக்கம் போயிருக்கும். அங்கே கடல் தட்டு கீழே இறங்கும் இடத்தை வெளியே தள்ளியிருக்கும். தீவுகளும் அதனோடு போயின. நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் தள்ளியதால் வில் போல வளைந்தன. தீவுகள் விட்டுப்போன இடம் அகன்று கடல் ஆனது. எ.கா: ஜப்பான். இது எங்கள் புத்தகத்தில் இல்லை. நான் வரைபடத்தைப் பார்த்து யோசித்தது.'

படத்தையும் போட்டேன். இது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை, வேறு விளக்கமும் இருக்கிறது என்று நீ எனக்குச் சொன்னதையும் சொன்னேன். பிள்ளைகள் நோட்டைத் திறக்கவே இல்லை, கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒன்றுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள்.

"யார் மிஸ் எழுதினது?"

"உங்களை மாதிரி ஒரு பிள்ளை. பேர் தெரியாது. பொதுத் தேர்வுல எழுதினது."

"செம மிஸ். அஞ்சுக்கு அஞ்சா?"

"ஒண்ணு."

வகுப்பில் எழுந்த சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். மேசையைத் தட்டினார்கள். "அநியாயம் மிஸ்!" என்று ஒருத்தி கத்தினாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, நம் கோவளம் பக்கத்துப் பிள்ளைதான், எழுந்தே நின்றுவிட்டாள். "எவ மிஸ் அது? ஒண்ணு போட்ட லூசு எவ?"

"நான்தான்" என்றேன்.

அவள் உட்காரவில்லை. ஏன் மிஸ் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், விடைக்குறிப்பில் இல்லை என்று சொல்லியிருப்பேன். என்னை நேராகப் பார்த்தபடி அப்படியே நின்றாள், அந்தப் பார்வையில் துளிக்கூட இரக்கம் இல்லை. இத்தனை வருடத்தில் நீ என்னை ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கலாம்.